அந்தக் கட்டத்தில் எடையைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டை வீராங்கனை மீனாட்சி ஹூடாவைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதி, அடுத்த மேரி கோம் இவர்தானா என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் ஒரு கட்டம். இடப்பக்கம் மேரி கோம், வலப்பக்கம் மீனாட்சி. உலகப் பட்டம் இங்கே ஆறு, அங்கே ஒன்று. ஒலிம்பிக் பதக்கம் இங்கே ஒரு வெண்கலம், அங்கே வெறும் கோடு. மேரி கோமின் பெற்றோர் வயக்காட்டு வேலை பார்த்தவர்கள், மீனாட்சியின் அப்பா ஆட்டோ ஓட்டியவர் என்பது வரைக்கும் இருந்தது. எடை மட்டும் இல்லை. மூட்டை எத்தனை என்று எழுதிவிட்டுக் கிலோவை எழுதாமல் விட்ட அரிசி மண்டி பில் மாதிரி இருந்தது எனக்கு.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஆடியது கபடி. குத்துச்சண்டையில் கையுறை மாட்டியதுகூடக் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு மாஸ்டரிடம் பாக்சிங் பழகினார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு டீச்சர் போக வேண்டுமே, அப்படிப் போய் வந்ததில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அதிலே முதல் பாடம் தராசு. ஒவ்வொரு எடைக்கும் தனித்தனிப் போட்டி, அந்தக் கிலோவைத் தாண்டினால் ரிங்கில் ஏற முடியாது.

மேரி கோமின் ஆறு தங்கத்தையும் எடை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 2002-ல் துருக்கியில் வென்றது 45 கிலோவில். 2005, 2006, 2008 மூன்றும் 46 கிலோ. 2010-ல் பார்படோஸிலும் 2018-ல் டெல்லியிலும் 48. ஆறில் ஒன்றுகூட 48-ஐத் தாண்டவில்லை. ஆனால் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் முதல்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தபோது கொடுத்தது மூன்றே எடை: 51, 60, 75. ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அவருடைய எடையில் இடமே இல்லை. சாப்பிட்டு, உடம்பை ஏற்றிக்கொண்டு, 51-க்குப் போக வேண்டியதாயிற்று.

மூன்று கிலோதானே என்று தோன்றும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்கிற பைகூட அதைவிடக் கனம். ஆனால் 48 கிலோ உடம்பில் மூன்று கிலோ என்பது பதினாறில் ஒரு பங்கு. அதோடு, எதிரே நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். 51-ல் ஆடுகிற பலர் சாதாரண நாளில் 53, 54 இருந்து, போட்டிக்காக உடம்பை வற்றவைத்து இறங்கி வருகிறவர்கள். கீழேயிருந்து ஏறி வருகிறவருக்கு அந்த மூன்று கிலோ ஐந்தாறு கிலோவாகக் கனக்கும். உயரமும் கை நீளமும் வேறு. லண்டனில் மேரி கோம் முதலில் மோதிய போலந்துப் பெண் கரோலினா மிகால்சுக், 54 கிலோவில் உலகப் பட்டம் வாங்கியிருந்தவர். அவரை 19-14 என்று மேரி கோம் ஜெயித்தார். அன்றைக்கு மேரி கோமின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

அரையிறுதி அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. 2012 மின்வெட்டைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்த எதிர்வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ் கையை நீட்டினால் மேரி கோமின் நெற்றியில் பட்டது. மேரி கோம் நீட்டினால் காற்றில் போனது. 11-6. பாக்சிங் என்றால் என்னவென்றே தெரியாத எதிர்வீட்டு ஆச்சி, "ஏட்டி, அவ உசரம் என்ன, இவ உசரம் என்ன? இதுகள எவன்ட்டி சோடி சேத்தான்?" என்று கேட்டார். ஆச்சிக்குக் கண்ணில் பட்டது உங்கள் கட்டத்துக்குள் வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

என்னைக் கேட்டால் அந்த ஆறு தங்கத்தைவிட 51 கிலோவில் வாங்கிய வெண்கலம் பெரிது. 2014 ஆசிய விளையாட்டில் அதே 51-ல் தங்கமும் வாங்கினார். உலகப் போட்டியில் 51-ல் அவருக்குக் கிடைத்தது 2019-ல் ஒரு வெண்கலம் மட்டும்தான். 'ஆறுக்கு ஒன்று' என்று கட்டம் போட்டால் இதெல்லாம் எங்கே போய்விடுகிறது?

தராசைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2014-ல் என்னிடம் பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். கடையில் இலையையும் தூளையும் நிறுத்து வாங்கி, சுற்றிய பீடியை எண்ணிக் கொடுக்கிற வீடு. அதனால் தராசென்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பிள்ளை ஆடியது 48 கிலோவில். தினமும் பள்ளிக்கு வருகிற வழியில் அரிசி மண்டித் தராசில் ஏறி இறங்கிவிட்டு, உள்ளங்கையில் பேனாவால் எடையை எழுதிக்கொண்டு வந்து காட்டுவாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு தாய்மாமன் வீட்டுக் கல்யாணம். மறுவீட்டு விருந்துக்குச் சொதிக் குழம்பு. தேங்காய்ப்பாலும் இஞ்சிப் பச்சடியும் இலையில் இருக்க, இவள் அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவள் அம்மா என்னிடம் வந்து, "பிள்ளைய இப்படிக் காயப் போடுதியளே டீச்சர்" என்று அழாத குறையாகக் கேட்டார். கடைசியில் யாரோ ஒரு அத்தை ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறார். அந்த ஒரு கரண்டியா, ராத்திரி குடித்த தண்ணீரா, தெரியாது. போட்டி நடந்த ஊரில் காலையில் ஏறி நின்றால் 48 கிலோ 300 கிராம்.

தராசுக்கு அடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வெறும் தரையில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே தராசுதான் மேடம், ஒரு மணி நேரம் இருக்கு, குறைச்சிட்டு வாங்க" என்றார் மேசையில் இருந்தவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. உடன் வந்த பிள்ளையின் ஸ்வெட்டரை வாங்கி மாட்டி, அதற்கு மேல் என் மழைக்கோட்டையும் போட்டு, ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் கொடுத்தேன். எச்சில் ஊற வேண்டும் என்று வாயில் புளி உருண்டை. குதிப்பாள், பேப்பர் கப்பில் துப்புவாள், மறுபடி குதிப்பாள். அரை மணி நேரத்தில் கோட்டுக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்தால் கொதிநீரில் விட்ட மாதிரி இருந்தது. "டீச்சர், இனி எச்சியே வரமாட்டேங்கு" என்றாள். நான் வேப்பமர நிழலில் பிளாஸ்க் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஐம்பது" என்றேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

47 கிலோ 900 வந்தது. சாயங்காலம் ரிங்கில் ஏறினாள். முதல் ரவுண்டு நன்றாகத்தான் ஆடினாள். இரண்டாவதில் கால் நகரவில்லை. அடி வாங்கி விழவில்லை. நின்ற இடத்தில் நின்றே தோற்றாள்.

2018-ல் மேரி கோம் போலந்துக்கு ஆடப் போனபோது, விடியற்காலையில் போய் இறங்கினால் இரண்டு கிலோ கூடுதல், எடை பார்க்க நாலே மணி நேரம். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஸ்கிப்பிங் ஆடி 48-க்கு இறங்கி, தங்கமும் வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் படித்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஞாபகம் வந்தது பேப்பர் கப்பும் புளியும்தான். சாம்பியனுக்கும் என் பிள்ளைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 100 கிராமில் வெளியே போனபோதும் நான் யாரையும் குறை சொல்லவில்லை, பேசாமல் டி.வி.யை அணைத்துவிட்டேன்.

சரி, அடுத்து ஒரு திருத்தம். லண்டனில் மேரி கோம் 11-6 என்று தோற்றார், லிவர்பூலில் உலகப் போட்டி இறுதியில் மீனாட்சி 4-1 என்று வென்றார், ஆகவே இளையவர் ஆட்டத்தில் வேகம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. லண்டனில் ஒவ்வொரு குத்தையும் எண்ணிப் புள்ளி போட்டார்கள். 2013-லிருந்து அந்த முறை இல்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் நன்றாக ஆடியவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. ஐந்து நடுவர்கள் தனித்தனியாகப் போடுவார்கள். 4-1 என்றால் ஐந்து பேரில் நாலு பேர் இவர் பக்கம், அவ்வளவுதான். நாலு குத்துக்கு ஒரு குத்து என்று அர்த்தமில்லை. இந்த முறையில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் மூன்று ரவுண்டில் இரண்டில் முன்னால் இருந்தும் கொலம்பியாவின் இன்கிரிட் வலென்சியாவிடம் 3-2 என்று தோற்றார். அதற்கும் மேலே, லண்டனில் பெண்களுக்கு இரண்டு நிமிஷ ரவுண்டு நான்கு. இப்போது மூன்று நிமிஷ ரவுண்டு மூன்று. மூச்சு பிடிக்கிற விதமே வேறு.

மேரி கோமுக்கும் மீனாட்சிக்கும் நடுவில் நிகத் ஜரீன் என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் கட்டுரை அவரை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு யாரை அனுப்புவது என்று 51 கிலோவில் நடந்த தேர்வில், அவர் மேரி கோமிடம் தோற்றார். விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் போட்டுக் கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. முடிந்ததும் மேரி கோம் கை கொடுக்கவில்லை. என் பிள்ளை யாராவது அப்படிச் செய்திருந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருப்பேன். மேரி கோம் என்றாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே நிகத் 2022-ல் இஸ்தான்புல்லில் 52 கிலோவிலும், 2023-ல் டெல்லியில் 50 கிலோவிலும் உலகத் தங்கம் வாங்கினார். பாரிஸில் 52 கிடையாது, 50-தான். மேரி கோம் ஏற வேண்டியிருந்தது, இவர் இறங்க வேண்டியிருந்தது. அங்கே இரண்டாவது ஆட்டத்திலேயே சீனாவின் வூ யூவிடம் தோற்றுவிட்டு, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அழுதார்.

இப்போது மீனாட்சிக்கு வருவோம். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் 48 கிலோ இறுதியில் கஜகஸ்தானின் நாசிம் கிசைபாயை ஜெயித்தார். கிசைபாய் பாரிஸில் 50 கிலோவில் வெண்கலம் வாங்கியவர். சின்ன ஆள் இல்லை. அதனால் மீனாட்சியைப் பாராட்டுவதில் எனக்கு உங்களோடு சண்டை கிடையாது. ஆனால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆகக் குறைந்த எடை 51. மறுபடியும் 48-க்கு இடமில்லை. 2012-ல் மேரி கோம் எந்த வாசலில் போய் நின்றாரோ, மீனாட்சியும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த 51-ல் நிகத் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். 2025 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வாங்கியது அதே எடையில். மேரி கோமோடு மீனாட்சியை ஒப்பிட ஆசைப்பட்டால், அவர் 51 கிலோத் தராசில் ஏறி, எதிரே தன்னைவிட உயரமான ஒருத்தியைப் பார்க்கிற நாள் வரட்டும். அதுவரைக்கும் கட்டத்தைப் போட்டுவைக்க வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் தயவுசெய்து எடைக்கு ஒரு வரிசை சேருங்கள்.

என் பழைய பிள்ளை இப்போது சங்கரன்கோவில் பக்கம் வாக்கப்பட்டு, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். லிவர்பூல் முடிந்த அன்று ராத்திரி, "டீச்சர், அந்தப் பிள்ளையும் 48 தானாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இனி 51-க்கு ஏற வேண்டியிருக்கும் என்று நான் பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து வந்தது: "அப்போ அவ இனி சொதி சாப்பிடலாம்லா டீச்சர்?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பாளையங்கோட்டை.