ஒற்றைச் சக்கரப் பலகையில் மிச்சம் வைக்க வேண்டிய விசை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நடுவில் ஒரே சக்கரமும் அதன் முன்னும் பின்னும் கால் வைக்கும் இடமும் கொண்ட, தாமே சமநிலை காக்கும் ஒற்றைச் சக்கர மின்பலகைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். ஏறி நின்று பழகும் முறையைக் கட்டுரையாளர் மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால், பலகைகளை ஒப்பிடும் அட்டவணையில் உச்ச வேகத்துக்கு முதலிடம் தந்திருப்பதும், வேக வரம்பைத் தளர்த்தும் வழிகளை ‘மேம்பாடு’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்திருப்பதும் புதிதாக ஓட்ட வருபவர்களைத் தவறான பக்கம் இழுத்துவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்சார ஸ்கூட்டரில் மோட்டாரின் சக்தி போதாமல் போனால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். இந்தப் பலகையிலோ நம்மை முன்னே கொண்டுசெல்லும் அதே மோட்டார்தான் நம்மை விழாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறது. பலகையின் முன்பக்கம் தாழ்வதை உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் உணர்ந்தவுடன், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைக் கூட்டிச் சக்கரத்தை நம் எடைக்கு நேர் கீழே கொண்டுவருகிறது. சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல மோட்டாருக்குள் எதிர் மின்னழுத்தம் ஒன்று உருவாகி வளர்கிறது. அது பேட்டரியின் மின்னழுத்தத்தை நெருங்கும்போது, மேற்கொண்டு கொடுப்பதற்கு மோட்டாரிடம் சக்கரத்தைச் சுழற்றும் திருப்புவிசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அந்த நிலையில் சாலையில் ஒரு சிறு மேடு குறுக்கிட்டாலும் போதும், பலகையின் மூக்கு தரையில் குத்திவிடும். ஓட்டுபவர்கள் ‘நோஸ்டைவ்’ என்று சொல்வது இதைத்தான். பலகை நின்றுவிட, வந்த வேகத்தோடு நாம் மட்டும் முன்னே எறியப்படுகிறோம்.

மோட்டாரிடம் எஞ்சியிருக்கும் இந்த விசை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால், குளிரில் அதன் மின்னழுத்தம் தளர்ந்தால், ஓட்டுபவர் கனமானவராக இருந்தால், எதிர்க்காற்று வீசினால், ஏற்றம் வந்தால் அது சுருங்கும். ஆகவே அட்டவணையில் அச்சிட்ட வேகம் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லை நெருங்கும்போது பலகையே தன் மூக்கை உயர்த்திக் காலைப் பின்னே தள்ளும். இந்தப் ‘புஷ்பேக்’ வந்தவுடன் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் பலர், பலகை மந்தமாகிவிட்டது என்று எண்ணி முன்னங்காலை இன்னும் அழுத்துகிறார்கள். மிச்சமிருந்த விசையும் அந்த அழுத்தத்தில் தீர்ந்துபோகிறது.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் இவ்வகையில் பெயர்பெற்ற ‘ஒன்வீல்’ என்ற பிராண்டின் பலகைகளை ஓட்ட வேண்டாம் என்று எச்சரித்ததையும், 2023 செப்டம்பரில் சுமார் 3 லட்சம் பலகைகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளானதையும் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 2019-க்கும் 2021-க்கும் இடையே நான்கு மரணங்கள் பதிவானதாகவும், அவற்றுள் குறைந்தது மூன்றில் ஓட்டியவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை என்றும் அந்த அறிவிப்பு கூறியது. புதிய மாடல்களுக்குத் தீர்வாக அளிக்கப்பட்டது, எல்லையை நெருங்கும்போது காலடியில் அதிர்வையும் உறுமலையும் எழுப்பும் ஒரு மென்பொருள் மாற்றம்தான். அப்படியிருக்க, கட்டுரையுடன் வெளியான படத்தில் ஓட்டுபவர் வெறும் தொப்பியோடு நிற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பலகையைத் தன் விருப்பப்படி மாற்றி அமைப்பதற்கு நான் எதிரி அல்ல. இந்தப் பழக்கத்தின் பாதி இன்பம் அதில்தான் இருக்கிறது. மட்கார்டு, பக்கச் சட்டங்களுக்கான உறை, பாதம் பொருந்தும் வளைவான கால்பலகை ஆகியவற்றை யாரும் தயங்காமல் பொருத்தலாம். டயர் விஷயத்தில் சற்று யோசிக்க வேண்டும். பட்டன் போன்ற புடைப்புகள் கொண்ட டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தார்ச் சாலையில் சார்ஜை விரைவாகத் தின்னும். விட்டம் கூடிய டயரைப் போட்டால், அதே திருப்புவிசைக்குத் தரையில் கிடைக்கும் உந்துதல் குறைகிறது. புதிய அளவைப் பலகையின் கைப்பேசிச் செயலியில் பதியாவிட்டால் அது காட்டும் வேகமும் தப்பாக இருக்கும். பெனடிக்ட் என்று கட்டுரையில் தவறாக அச்சாகியிருக்கும் பெஞ்சமின் வெடர் உருவாக்கிய ‘வெஸ்க்’ என்னும் திறந்தமூல கன்ட்ரோலரை இன்று பலர் பொருத்துகிறார்கள். பேட்டரி மின்னழுத்தத்தில் எவ்வளவு பங்கை மோட்டார் பயன்படுத்துகிறது என்பதை அதில் நேரடியாகப் பார்க்கலாம், எந்த அளவில் எச்சரிக்கை வர வேண்டும் என்பதையும் நாமே அமைக்கலாம். எச்சரிக்கையை முன்கூட்டியே வரவைக்க அந்த வசதியைப் பயன்படுத்துபவரை மனதாரப் பாராட்டுவேன். எச்சரிக்கையை அடியோடு நீக்குவதை மேம்பாடு என்று அழைக்க என்னால் முடியாது.

பராமரிப்புக்குக் கட்டுரை ஒரே பத்தியை ஒதுக்கியிருக்கிறது. குறிப்பாக, முன்பக்கக் கால்பலகையில் பாதத்தை உணரும் சென்சாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது இடம், வலம் என இரண்டு பகுதிகளாக இருக்கும். புறப்பட இரண்டும் அழுந்த வேண்டும், மெதுவாக வந்து குதிகாலைத் தூக்கினால் பலகை நின்றுவிடும். ஈரம் புகுந்து ஒரு பகுதி அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால், நாம் இறங்கிய பிறகும் பலகை தானாக ஓடக்கூடும். எனவே புறப்படும் முன் ஒவ்வொரு பகுதியையும் கையால் தனித்தனியே அழுத்தி, விட்டவுடன் செயலியில் அது அணைகிறதா என்று பார்ப்பது அவசியம். டயர் காற்றையும் விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாமல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பவுண்டில் உடல் எடையைப் பத்தால் வகுத்து, அத்தனை பி.எஸ்.ஐ. காற்றிலிருந்து தொடங்குவது ஓட்டுபவர்களிடையே வழங்கும் கணக்கு. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 17, 18 வரும். சேற்றைக் கழுவ அழுத்த நீர்க்குழாயைப் பயன்படுத்தவே கூடாது, ஈரத்துணியே போதும். முழு சார்ஜுடன் நீண்ட இறக்கத்தில் இறங்குவதும் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளப் பேட்டரியில் அப்போது இடம் இருக்காது.

அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, ஒவ்வொரு பலகையிலும் புஷ்பேக் எந்த வேகத்தில் வந்தது, அப்போது பேட்டரி எவ்வளவு இருந்தது, ஓட்டியவரின் எடை என்ன என்ற மூன்று விவரங்களையும் உச்ச வேகத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்தவரின் படத்தையே வெளியிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்