மூட்டையில் அச்சடித்த 46

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். கோத்தகிரியில் விடாத சாரல், கொழுந்து எடுக்க ஆள் வரவில்லை. மோல் பாடத்தை இரண்டு தரம் நடத்தியும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று போனில் சலித்துக்கொண்டாய். போனில் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது, அதனால்தான் கடிதம்.

ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் என்று ஆரம்பிக்காதே. அவ்வளவு பெரிய எண்ணைக் கரும்பலகையில் பார்த்ததுமே பாதிப் பிள்ளைகள் பேனாவை மூடிவிடுவார்கள். யூரியா மூட்டையில் ஆரம்பி. திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது என்று கேள்.

யூரியாவின் வாய்பாடு CO(NH₂)₂, அதைப் பிரிக்கச் சொல். கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும். பலர் சறுக்குவது அங்கேதான், கொஞ்சம் நின்று சொல்லிக்கொடு. அவற்றின் அணு நிறைகள் 12, 16, 28, 4 கூட்டினால் 60. அறுபதில் 28 நைட்ரஜன் என்றால் 46.67 சதவீதம். ஆலையிலிருந்து வரும் உரத்தில் சிறிது ஈரமும் கலப்பும் இருக்கும், ஆக 46.

அப்புறம் அமோனியம் சல்பேட்டை எடு. அதிலும் நைட்ரஜன் இரண்டுதான். ஆனால் கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்து வாய்பாட்டு நிறை 132 ஆகிவிடுகிறது. 28 கிராம் நைட்ரஜன் வேண்டுமானால் யூரியாவில் 60 கிராம் போதும், இதில் 132 கிராம் வேண்டும். எடை வேறு, துகள் எண்ணிக்கை ஒன்றே. இதைப் பிள்ளைகள் தாங்களே சொன்ன பிறகு, அந்த எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர் என்று சொல். 6.022 அப்போது வரட்டும்.

நான் படித்தபோது 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்பதே வரையறை. 2019 மே 20 முதல் அது மாறி, 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். அதை அவகாட்ரோ எண் என்று சொன்னாலும், இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ அதை எண்ணியவர் இல்லை என்பதையும் சொல்லிவிடு. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சமமாக இருக்கும் என்று 1811-இல் அவர் சொன்னார், அவ்வளவுதான். எண்ணுக்கு அவர் பெயரை வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரின், அது 1909-இல்.

அந்த "ஒரே அழுத்தத்தில்" என்பதை விட்டுவிடாதே. ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அது 0 டிகிரியில், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும்தான். ஆறாயிரம் அடி உயரத்தில் நம் வீட்டில் காற்றழுத்தம் குறைவு. அதே 0 டிகிரியில் அதே வாயு இங்கே 28 லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். தண்ணீரும் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று அம்மா புலம்புவது அதனால்தான். 60 கிராம் யூரியா மட்டும் திருவாரூரிலும் கோத்தகிரியிலும் ஒரு மோல்தான்.

கெட்டிக்காரப் பிள்ளை யாராவது பொட்டாஷ் மூட்டையைப் பற்றிக் கேட்கலாம். அதில் பொட்டாசியம் ஆக்சைடு 60 சதவீதம் என்று இருக்கும். உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு, ஆக்சிஜனே கிடையாது! பழைய வேதியியலார் எல்லாவற்றையும் ஆக்சைடாகக் கணக்கிட்ட வழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இது பிடிக்காத வழக்கம்தான், ஆனால் வகுப்புக்கு நல்ல கணக்கு. ஆக்சைடில் பொட்டாசியம் இரண்டு, ஆகவே குளோரைடும் இரண்டு எடுக்க வேண்டும். அணுக்களின் எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இரண்டு குளோரைடின் நிறை 149-க்கு ஆக்சைடின் நிறை 94, அதாவது 63 சதவீதம்.

கடைசியாக டிஏபி, அதாவது டை அமோனியம் பாஸ்பேட் உரம். அதன் வாய்பாட்டு நிறையும் 132தான். தூய டிஏபிக்குக் கணக்கிட்டால் நைட்ரஜன் 21, பாஸ்பரஸ் ஆக்சைடு 53 சதவீதத்துக்கு மேல் வரும். மூட்டையில் 18, 46 என்றுதான் இருக்கும். வித்தியாசம் ஏன் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா