பழுப்பு அரிசி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரம்பரிய அரிசி ஏற்றுமதி பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, கைக்குத்தல் எல்லாவற்றையும் 'பழுப்பு அரிசி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதற்குச் சுங்கக் குறியீடு, அதாவது சுங்கத்துறை சரக்கை வகைப்படுத்தும் எண், 1006 20 என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் அதை நம்பி ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம், போட்டால் எங்கே போய் நிற்பார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு வார்த்தையை நம்பி மாட்டியவன்தான். என் விஷயத்தில் அந்த வார்த்தை 'புழுங்கல்'.

2023 ஜனவரியில் ஒரு இருபது அடி கன்டெய்னர் மாப்பிள்ளைச் சம்பா அனுப்பினேன். புழுங்கல்தான், ஆனால் பாலிஷ் போடாதது. அதற்கு நாலு மாதம் முன்பு, 2022 செப்டம்பர் 9 முதல், நெல்லுக்கும் உமி மட்டும் நீக்கிய அரிசிக்கும் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்திருந்தது, புழுங்கலுக்கு இல்லை. சரி, நம்முடையது புழுங்கல்தானே என்று 1006 30 10 என்று போட்டோம், அன்றைய அட்டவணையில் புழுங்கல் அரிசிக்கு இருந்த எண் அது. துறைமுகத்தில் சாம்பிள் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் தவிட்டுத் தோல் அப்படியே இருக்கிறது என்று வந்தது. தோல் அப்படியே இருந்தால் அது 1006 20, உமி மட்டும் நீக்கிய அரிசி, அவித்ததா அவிக்காததா என்ற பேச்சே அங்கே கிடையாது, புழுங்கல் என்ற பிரிவு 1006 30-க்குள், அதாவது தீட்டிய அரிசிக்குள்தான் இருந்தது. வரியைக் கட்டி, பதினோரு நாள் வாடகையும் கட்டி, சரக்கை ஏற்றினோம். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, வெயிலில் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும், அந்தப் பயம் வேறு. அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரி, நான்தான் படிக்காமல் போட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். விஷயம் அவ்வளவு சிக்கலும் இல்லை. 1006 என்றால் அரிசி. அடுத்த இரண்டு இலக்கம், உமியோடு இருந்தால் 10, உமி மட்டும் போயிருந்தால் 20, கொஞ்சமாவது தீட்டியிருந்தால் 30, நொய் என்றால் 40. இந்த ஆறு இலக்கமும் உலகம் முழுக்க ஒன்றுதான், அதற்குப் பின்னால் வருவதை அந்தந்த நாடு தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும். இதில் எங்கேயாவது நிறம் வருகிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் 'பிரவுன்' என்று ஒரு வார்த்தை அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் நாம் பழுப்பு என்று மொழிபெயர்த்துத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். கவுனி கறுப்பு, மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு, சாதாரணப் பொன்னியை உமி மட்டும் நீக்கினால் வெளிறிய வைக்கோல் நிறம். மூன்றும் 1006 20-தான், தோல் முழுசாக இருக்கும் வரை.

அந்தத் 'தோல் முழுசாக' என்பதில்தான் வம்பே. உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பில், தோல் ஒரு பகுதி போயிருந்தாலே அது அரைத் தீட்டல், 1006 30-க்குப் போய்விடும். நம் மில்லில் என்ன நடக்கிறது? ரப்பர் ரோலரில் விட்டு உமி எடுத்ததும் அரிசி கொஞ்சம் சொரசொரப்பாக, ஊடே நாலைந்து நெல்லோடு வரும். மில்காரர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு ஓட்டு ஓட்டித் தரேன், சோறு மெத்துனு இருக்கும்" என்பார், நல்ல எண்ணத்தில்தான். அந்த ஒரு ஓட்டுக்குப் பிறகும் மாப்பிள்ளைச் சம்பா சிவப்பாகத்தான் இருக்கும், சாக்கில் 'பிரவுன் ரைஸ்' என்றுதான் அச்சடித்திருக்கும், ஆனால் சுங்கத்தின் கண்ணில் அது வேறு சரக்கு. கைக்குத்தல் என்ற பெயரும் அப்படியே. உரலில் எவ்வளவு குத்தினார்கள் என்பதுதான் கேள்வி, குத்தக் குத்தத் தவிடு போகத்தான் செய்யும்.

நான் இப்போது செய்வது இது. கறுப்புத் துணியில் ஒரு பிடி அரிசியைப் பரப்பி, வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு லென்சால் பார்ப்பேன். அரிசியின் ஒரு முனையில் சின்னதாக முளைக்கரு உட்கார்ந்திருக்கும், அந்த இடம் பள்ளமாக இருந்தால் தீட்டியிருக்கிறார்கள். முதுகில் நீளவாக்கில் கோடு கோடாக வெள்ளை தெரிந்தாலும் அப்படித்தான். பச்சரிசி என்றால் ஊறப்போட்டும் பார்க்கலாம், உமி மட்டும் நீக்கியது ஓரளவாவது முளைவிடும், புழுங்கலில் இது நடக்காது. இன்னொன்று, ஊடே ஒன்றிரண்டு நெல் கிடப்பதை வாங்குகிறவர்கள் குறையாகச் சொல்வார்கள், ஆனால் உமி நீக்கிய அரிசியில் கொஞ்சம் நெல் பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும் என்று அதே விளக்கக் குறிப்பே சொல்கிறது. லேப் ரிப்போர்ட்டுக்கு இது எதுவும் ஈடு இல்லை, ஆனால் மில்லிலேயே பாதி தெரிந்துவிடும்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு 2023-ஐ நினைவுபடுத்துகிறேன். ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி, அதாவது 1006 30 90, ஏற்றுமதிக்கே தடை. உமி மட்டும் நீக்கியதற்குத் தடை இல்லை, பழைய 20 சதவீத வரி மட்டும். ஆக, பச்சரிசியில் மில்காரர் ஓட்டிய அந்த ஒரு ஓட்டு, வரி கட்டி அனுப்பக்கூடிய சரக்கை அனுப்பவே முடியாத சரக்காக்கியிருக்கும். ஆகஸ்ட் 25-இல் புழுங்கலுக்கும் 20 சதவீதம் வந்தது. 2024 செப்டம்பர், அக்டோபரில் தடையும் வரியும் ஒவ்வொன்றாக விலகின. இன்று இல்லை என்பதற்காக நாளைக்கும் வராது என்று யார் சொல்ல முடியும்?

வாங்குகிற நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் அடிப்படை வரியில், பாசுமதி அல்லாத 1006 20-க்குக் கிலோவுக்கு 2.1 சென்ட், தீட்டிய புழுங்கலுக்கு மதிப்பில் 11.2 சதவீதம். கிலோ ஒரு டாலர் என்று வையுங்கள், இரண்டு சென்ட் எங்கே, பதினோரு சென்ட் எங்கே! (2025-இல் மேலே ஏற்றிய கூடுதல் வரிகள் தனிக்கதை, அதைத் தொடவில்லை.) ஐரோப்பாவில் உமி நீக்கிய அரிசிக்குள்ளேயே புழுங்கலுக்குத் தனி எண் உண்டு, நீளம் அகலம் அளந்து மேலும் பிரிப்பார்கள். குறிப்பிட்ட சில பாசுமதி ரகங்களை உமி மட்டும் நீக்கி அனுப்பினால் அங்கே வரியே இல்லை, அதனால்தான் வடக்கத்திப் பாசுமதி நிறைய தீட்டாமலே போய் அங்குள்ள மில்களில் தீட்டப்படுகிறது.

கட்டுரையில் சிறுதானியத்தையும் சேர்த்திருந்தார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வரகரிசி, சாமை அரிசி என்று நாம் வாய் நிறைய அரிசி என்கிறோம், ஆனால் அவை 1006 பக்கமே வராது, தோல் நீக்கியதும் 1104-க்குப் போய்விடும். தோல் நீக்கியும் தானியங்களுக்கான பத்தாம் அத்தியாயத்திலேயே இருக்கிற சலுகை நெல்லரிசிக்கு உண்டு, இவற்றுக்கு இல்லை. சிவப்பரிசி அவல் 1904, மாவு 1102. புழுங்கல் என்பது நெல்லாக இருக்கும்போதே அவிப்பது, அதனால் அது அரிசியாகவே நிற்கும். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய 'அஞ்சு நிமிஷ' அரிசி அப்படி இல்லை, அதுவும் 1904-தான். சந்தேகம் பெரிதாக இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டு முடிவு வாங்கலாம், சுங்க முன்தீர்ப்பு ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிறது. இதைக் கட்டுரையில் ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு பேருக்கு உதவியிருக்கும்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். அடுத்த முறை 'பழுப்பு அரிசி' வேண்டாம், 'தீட்டாத அரிசி' என்று போடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வார்த்தைதான், அரிசிக்கு என்ன வேலை செய்தார்கள் என்பதைச் சொல்கிறது, சுங்கம் கேட்பதும் அதைத்தான். பிறகு அந்தக் கட்டுரைக்கு மேலே 'பழுப்பு அரிசி' என்று குறிப்புப் போட்டு ஒரு பெரிய படம் இருந்ததே, அதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு மணியில்கூட முளைக்கரு இல்லை, அது 1006 30.

இப்படிக்கு,
ஒரு சிறு அரிசி ஏற்றுமதியாளர்,
கும்பகோணம்.