வெங்காயம் சாப்பிடாத அமைச்சரும் யாரும் கேட்காத மீதிப் பதிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல்வாதிகள் உளறியவை என்று ஒரு பக்கம் முழுக்கத் தொகுத்திருந்தீர்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் வெங்காயப் பேச்சும் அதில் இருந்தது. நான் திண்டுக்கல்லில் சின்னதாக மெஸ் நடத்துகிறவன். 2019 டிசம்பரில் பெரிய வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியபோது கரும்பலகையில் ஆனியன் ஊத்தப்பத்தை அழித்தவன். அதனால் அந்தக் கதை நன்றாகவே நினைவிருக்கிறது.

டிசம்பர் 4 அன்று மக்களவையில் வெங்காயப் பிரச்சினையைக் கிளப்பியவர் தேசியவாத காங்கிரஸ் எம்.பி. சுப்ரியா சுலே. அமைச்சர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீங்கள் வெங்காயம் சாப்பிடுவீர்களா என்கிற மாதிரி ஒரு உறுப்பினர் குறுக்கே கேட்டார். அதிகம் சேர்த்துக்கொள்ளாத குடும்பம் எங்களுடையது என்றார் அமைச்சர். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அதே பதிலில் இறக்குமதி, சேமித்து வைப்பதில் உள்ள சிக்கல் என்று பேசியதும் உண்டு. அன்றிரவு நான் பார்த்த டிவி விவாதங்களில் அது வரவே இல்லை.

வந்திருந்தால் அரசுக்குத்தான் சங்கடம்! செப்டம்பர் 29-லேயே ஏற்றுமதியைத் தடை செய்தும் விலை ஏன் இறங்கவில்லை? மகாராஷ்டிரத்தில் மழை பயிரைக் கெடுத்த பிறகும், 1.2 லட்சம் டன் இறக்குமதிக்கு அமைச்சரவை நவம்பர் வரை காத்திருந்தது ஏன்? கப்பல் வந்து சேர்வதற்குள் இங்கே புது வெங்காயம் சந்தைக்கு வந்துவிட்டது. வேண்டும் என்று கேட்ட மாநிலங்களே பின்வாங்க, சரக்கு மும்பைத் துறைமுகத்தில் தேங்கியது. (அந்த வெளிநாட்டு வெங்காயத்தில் ஒரு மூட்டை நானும் வாங்கினேன். உருவம்தான் பெரிது, காரமே இல்லை.) 2020 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் திரும்ப ஏற்றுமதித் தடை. இதையெல்லாம் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. 2017-ல் குஜராத்தின் பாட்டனில், இயந்திரத்தில் உருளைக்கிழங்கைப் போட்டால் தங்கம் வரும் என்று மோடி சொல்வதாக ராகுல் காந்தி கேலி செய்தார். மோடி அப்படிச் சொன்னாரா என்பது தனி விவகாரம். 'இது என் வார்த்தை இல்லை' என்ற பகுதியை வெட்டிவிட்டு, ராகுலே சொன்னதாகச் சுற்றவிட்டார்கள். உருளைக்கிழங்கு விவசாயிக்கு என்ன விலை கிடைத்தது என்ற பேச்சு அத்தோடு போச்சு.

அடுத்த முறை இப்படித் தொகுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கேட்ட கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் பாதி உளறல்களை எடுத்துவிட்டு, மகாராஷ்டிரத்தின் லாசல்காவ் வெங்காய மண்டி விலையைப் போட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரர்,
திண்டுக்கல்