ஓகஸ்டில் பார்த்த ஆறு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். டொக்டர் சொன்ன அப்பியாசம் ஒன்றும் செய்கிறா இல்லை, நீ ஒருக்கால் சொன்னால் செய்வா. போனில் கதைக்கலாம் என்றால் நீ எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் "வேலையில நிக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பாரிசுக்குத் தெற்கே குரோனில் வீடு பார்த்து வைத்திருக்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். பின்கதவைத் திறந்தால் இயேர் ஆறாம், படிக்கட்டில் வாத்து ஏறி நிற்குமாம். இரண்டு பேருக்கு அளவான வீடு என்றும் சொன்னாள். இரண்டு பேர் ஆர் ஆர் என்று நான் கேட்கவில்லை. நான் ஆற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ அந்த வீட்டைப் பார்த்தது ஓகஸ்டில். ஓகஸ்டில் இயேர் ஆறு ஆரையும் ஏமாற்றும். பழைய மில்லுகளுக்குக் கட்டின அணைகளில் தண்ணீர் தங்கி, கண்ணாடி போலப் படுத்துக் கிடக்கும். சின்னனில் உன்னைக் கய்போத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோமே, அந்த ஓவியர் 1870களில் வரைந்த படகோட்டிகளும் வெய்யில் காலத்து ஆட்கள்தான். மழைத்துளி ஆற்றில் வட்டம் வட்டமாக விழுகிறதையும் ஒரு படத்தில் வரைந்தவர். அதுவும் சிணுங்கல் மழை.

நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த ஆறு. சென்-எ-மார்ன் பக்கம், பிரி மேட்டுநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவில் பிறந்து, ரொசே, கொம்-லா-வில், புசி, எங்கட புறுனுவா, பிறகு யேர், மொன்ஜெரோன், குரோன் என்று வந்து வில்நேவ்-சென்-ஜோர்ஜில் செய்ன் நதியில் விழுகிறது. குரோன் கடைசிக்குக் கிட்ட. மேலே விழுந்த மழை எல்லாம் உன் பின்கதவால்தான் போகவேணும் என்று அர்த்தம்.

மேலே, ஸ்வாஞோல் பக்கம் கோடையில் போய்ப் பார். சில வருசம் வெறும் கல்லுத்தான் கிடக்கும். தண்ணீர் சுண்ணாம்புக்கல் ஓட்டைகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடும். ஊரில் வழுக்கியாற்றுக்கும் அடியில் சுண்ணாம்புக்கல்தான், அதுவும் கோடையில் காய்ந்து கிடக்கும். ஆனால் அது மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஒருவரும் ஏமாறுகிறதில்லை. இங்கே அப்படி இல்லை. இந்த நாட்டில் மழை வருசம் முழுக்கப் பெய்கிறது. கோடையில் மரமும் பயிரும் வெய்யிலும் குடித்துவிடும், ஆற்றுக்கு மிச்சம் இல்லை. இலை கொட்டி நிலம் ஊறின பிறகு, டிசம்பரில் இருந்து மார்ச் வரைக்கும், பெய்கிறதெல்லாம் ஆற்றுக்கு. அதோடு பிரியில் களிமண். வயலுக்குக் கீழே குழாய் புதைத்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் தேங்காமல் ஓடிவர. கமக்காரனுக்கு நல்லது, கீழே இருக்கிறவனுக்கு இல்லை.

ஆகவே பெப்ரவரியில் போய்ப் பார். மழை பெய்த மூன்றாம் நாள் போய்ப் பார்.

பெப்ரவரி தாண்டினால் பயமில்லை என்றும் நினைக்காதே. 2016இல் வெள்ளம் வந்தது யூன் தொடக்கத்தில். மே கடைசியில் பெய்த மழை. பாரிசில் செய்ன் 6.10 மீற்றருக்கு ஏறி, லூவ்ர் மியூசியத்தில் கீழ்த்தளத்துச் சாமான்களை மேலே தூக்கினார்கள். மாமா வீட்டுக் காவுக்குள், அந்த நிலக்கீழ் அறைக்குள், நடந்தது உனக்குத் தெரியும், அந்த அரிசி மூட்டை நாற்றம் மாமிக்கு இன்னும் மறக்கவில்லை. 2018 சனவரியில் இன்னொரு விதம். செய்ன் நிரம்பி நின்றதால் இயேர் போய் விழ இடமில்லாமல் பின்னுக்குத் தள்ளியது. வில்நேவில் பிளாண்டின் பக்கம் வீடுகளை வாங்கி இடித்து, நிலத்தை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். சும்மா ஒருவரும் வீட்டை வாங்கி இடிக்கமாட்டார்கள், தம்பி.

உன் வயதில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ சொந்த உழைப்பில் வீடு பார்க்கிறாய். கோயிலடியில் ஆராவது கேட்டால் அப்பா நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லுவேன். ஆனால் அந்தச் செய்தி தங்கச்சி வாயால் எனக்கு வருகிறது, அதுதான் சரியில்லை. எங்கட வீட்டில் ஒரு மேசை வாங்கினாலும் நாலு பேர் கதைத்துத்தான் வாங்கினோம்.

சரி, விடு. வீட்டுக்குள் போனால் இதைப் பார். மின்சாரப் பிளக்குகள் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பளவில் இருந்தால் ஏன் என்று கேள். சூடாக்கும் பொயிலர் கீழே இல்லாமல் மாடியில் இருந்தால், அதையும் கேள். காவுக்குள் இறங்கி, புதுப் பெயின்ற் அடித்த சுவரில் கையை வைத்துப் பார். உப்புப் பூத்து, நகம் பட்டவுடன் மாவாக உதிர்ந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது, வீட்டுக்காரன் என்ன சொன்னாலும். விற்கிறவன் அந்த இடத்துக்கு என்ன ஆபத்து என்று காட்டுகிற பத்திரம் தரவேணும், வெள்ளத்துக்கு முன்பு இன்சூரன்ஸ் காசு எடுத்திருந்தால் எழுத்தில் சொல்லவேணும், சட்டம் அது. இன்சூரன்ஸ் இருக்குத்தானே என்று சொல்லாதே. அரசாங்கம் பேரிடர் என்று அறிவித்தால்தான் காசு, அப்போதும் முதல் 380 யூரோ உன் தலையில். அம்மாவின் அல்பத்துக்கு எந்த இன்சூரன்சும் காசு தராது.

திரும்பவும் சொல்லுகிறேன், சுவரைத் தொட்டுப் பார். மழை பெய்த மூன்றாம் நாள் போய்ப் பார்.

ஆற்றங்கரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டில் இருக்கிற வீடு என்றால், மொன்ஜெரோன் ஸ்ரேசனுக்கு மேலே என்றால், நான் வாயே திறக்கமாட்டேன். அந்தப் பிள்ளைக்கும் ஆறு விருப்பமோ என்னவோ. அவவின் தாய் தகப்பன் இந்த வீட்டைப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுது.

கொம்ப்றோமியில், அந்த முதல் ஒப்பந்தத்தில், கையெழுத்து வைத்துவிட்டாய் என்றாலும், அது கைக்கு வந்த பிறகு மனம் மாற 10 நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிறு வா. தனியாகத்தான் வரவேணும் என்று இல்லை. இந்த மாதம் ஞாயிறுகளில் டி லைன் ரயில் பாதையில் திருத்த வேலை நடக்கிறது, பார்த்துக்கொண்டு வெளிக்கிடு. பத்திரங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பாதே, எனக்கு அந்த எழுத்துத் தெரிகிறதில்லை. எல்லாத்தையும் பிறின்ற் எடுத்துக்கொண்டு வா, கடைசிப் பக்கத்து வரைபடத்தைக் கலரில்.

அப்பா