டவுன் காரின் பாடியைக் கட்டியது யார்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய டவுன் கார்களின் புகைப்படங்களை அனுப்பி, பாடி எந்தப் பட்டறையில் கட்டப்பட்டது, முதலில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பலரும் எங்களிடம் கேட்கிறீர்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்து நாங்கள் சான்று எழுதித் தருவதில்லை. அதில் சிலருக்கு வருத்தம் இருப்பதும் எங்களுக்குத் தெரியும். எதனால் மறுக்கிறோம், எவற்றைப் பார்த்தபின் எழுதித் தருகிறோம் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

ஓட்டுநர் திறந்த முன்பகுதியிலும் உரிமையாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூடிய அறையிலும் அமர்ந்து செல்லும்படி அமைந்த வண்டியே டவுன் கார். இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இன்ஜின், ரேடியேட்டர், பேனட்டுடன் சேசிஸை, அதாவது சக்கரங்களோடு கூடிய அடிச்சட்டத்தை, மட்டுமே விற்றது. லண்டனில் பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகள் அதன்மேல் பாடி கட்டின. அமெரிக்காவில் டூசன்பர்க் ஜே மாடலும் பெரும்பாலும் இவ்விதமே விற்கப்பட்டது. பாசடீனாவில் மர்ஃபியும் நியூயார்க்கில் ரோல்ஸ்டனும் அதற்குப் பாடி கட்டிய பட்டறைகளில் இரண்டு. ஆகவே இத்தகைய காருக்கு எப்போதும் இரண்டு வரலாறுகள் உண்டு: சேசிஸின் வரலாறு ஒன்று, பாடியின் வரலாறு மற்றொன்று. இரண்டும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து வந்தவைதானா என்பதே எங்கள் வேலையின் மையமான கேள்வி.

சேராதிருக்கக் காரணங்கள் பல. தமக்குப் பிடித்த பாடியைக் கழற்றிப் புதிய சேசிஸில் ஏற்றிக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1929-க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியில் டவுன் கார்களை வாங்க ஆள் குறைந்தது. வலுவான சேசிஸ்கள் சில பழுது வண்டிகளை இழுக்கும் லாரிகளாயின, சில அமரர் ஊர்திகளாயின. பிற்காலத்தில் அவற்றை மீட்டவர்கள் வேறு இடத்தில் கிடைத்த பாடியை அவற்றின்மேல் பொருத்தினார்கள். லிமோசினின் முன்கூரையை அறுத்து எடுத்து டவுன் கார் ஆக்கியவையும் உண்டு.

தோற்றத்தை வைத்துப் பட்டறையைச் சொல்வது இதைவிடக் கடினம். நியூயார்க்கில் 1920-இல் தொடங்கிய லெபாரன், முதலில் சொந்தப் பட்டறையே இல்லாத வரைபட அலுவலகம்; அதன் வரைபடங்களைக் கொண்டு வேறு பட்டறைகள் பாடி கட்டின. லிங்கன் கார் நிறுவனமோ ஒரே வடிவத்தில் சிறு தொகுதிகளாகப் பல பட்டறைகளிடம் பாடி வாங்கியது. சாளர வளைவைப் பார்த்தே பட்டறையின் பெயரைச் சொல்லிவிடுகிறோம் என்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நாங்கள் முதலில் தேடுவது மரத்தில் உள்ள எண்ணை. இந்தப் பாடிகளில் பெரும்பாலானவை ஆஷ் மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திக் கட்டப்பட்டவை. பாடி எண்ணை உளி முத்திரையாகவோ பென்சிலாலோ சாக்குக்கட்டியாலோ முன்னிருக்கையின் அடிப்பலகையிலும், கதவுத் தூணிலும், கதவின் உள்புற அட்டையின் பின்பக்கத்திலும் குறித்திருப்பார்கள். சாளரத்தைச் சுற்றியுள்ள மெருகேற்றிய மரப்பட்டிகளைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு பட்டியும் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டதால், வார்னிஷ் பூசச் சென்றது அதே வண்டிக்குத் திரும்பி வருவதற்காக, எண்ணின் கடைசி இரண்டு மூன்று இலக்கங்களைப் பின்புறத்தில் அடித்திருப்பார்கள். நான்கு கதவுப் பட்டிகளிலும் இருக்கைச் சட்டத்திலும் ஒரே இலக்கங்கள் இருக்குமானால், பாடி கலப்பில்லாதது என்று ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். கதவுப் படியில் பளபளக்கும் பட்டறைப் பெயர்த்தகட்டை நாங்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. அதைப் புதிதாகச் செய்து இரண்டு திருகாணிகளில் மாட்டிவிட முடியும். தகட்டைக் கழற்றினால் அடியில் பழைய பெயிண்டின் விளிம்பு தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அறுத்து மாற்றிய கூரையைக் கண்டுபிடிக்க, கண்ணாடித் தடுப்புக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முன்னே நீண்டிருந்த கூரை வளைவுகளுக்காகக் குடைந்த பொருத்துக்குழிகள் அங்கே மூடப்பட்டிருந்தால், அது டவுன் காராகப் பிறந்த வண்டி அன்று.

அளவும் பேசும். ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேன்டம் II மாடலின் சேசிஸ் 144 அங்குலம், 150 அங்குலம் என்ற இரு வீல்பேஸ்களில் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) வந்தது. டூசன்பர்க் ஜே 142.5, 153.5 அங்குலங்களில் வந்தது. நீண்ட சேசிஸுக்குக் கட்டிய பாடியைக் குட்டையானதில் ஏற்றினால், பின்கதவின் அடிப்பகுதியும் மட்கார்டும் சேருமிடத்தில் வெட்டி ஒட்டிய அடையாளம் இல்லாமல் இருக்காது.

இதன் பிறகே ஆவணங்கள். இங்கிலாந்தில் செய்த ரோல்ஸ்-ராய்ஸ்களின் சேசிஸ் அட்டைகள் நார்தாம்டன்ஷயரின் பாலர்ஸ்பரியில் அதன் ஆர்வலர் சங்கத்திடம் உள்ளன. முதல் உரிமையாளரும் பாடி கட்டியவரும் அவற்றில் குறிக்கப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவின் பழைய பேக்கார்டு கார்கள் பலவற்றில், இன்ஜினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையேயுள்ள தடுப்பில் இருக்கும் தகட்டிலேயே விற்ற முகவரின் பெயரும் ஒப்படைத்த தேதியும் பொறித்திருக்கும். பாடிப் பட்டறைகளின் பதிவேடுகளோ அரிது. மர்ஃபி 1932-இலும், புரூஸ்டர் என்ற மற்றொரு அமெரிக்கப் பட்டறை 1937-இலும் மூடப்பட்டன. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இன்ஜின் எண்ணை வைத்தே வண்டியைப் பதிவு செய்ததால், இன்ஜின் மாறிய வண்டியின் பதிவுத் தொடர் அந்த இடத்தில் அறுந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் சான்றில் பாடியையும் சேசிஸையும் தனித்தனியே குறிப்பிடுவோம். பழைய பாடி வேறொரு பழைய சேசிஸில் இருந்தால் அப்படியே எழுதுவோம். அது வண்டிக்குக் குறை என்று நாங்கள் கருதவில்லை. விற்பனைக்காக அதை மறைத்து எழுதும்படி கேட்டால் மட்டும் இணங்க மாட்டோம்.

ஒரு வேண்டுகோள்: வண்டியைப் புதுப்பிக்கப் பிரிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிவியுங்கள். உளுத்த சட்டங்களை மாற்றும்போது எண் உள்ள துண்டும் விறகாகப் போய்விடுகிறது. புதிய மரத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. கழற்றும் ஒவ்வொரு மரத்துண்டிலும் அது இருந்த இடத்தைச் சீட்டெழுதிக் கட்டி வையுங்கள். எண் தெரியும் பகுதிகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். பழைய மெத்தைத் துணியையும் கதவு அட்டைகளையும் எங்கள் பதில் கிடைக்கும்வரை எறிய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அடையாள ஆய்வுப் பிரிவினர்