கடலுக்குக் கிளம்பும் நண்பர் கூட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

வார இறுதியில் நாலு குடும்பமாகச் சேர்ந்து, பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கிளம்பும் நண்பர்களே,

எங்கே தங்குவது, யார் காரில் யார் ஏறுவது, மாற்றுத்துணி எத்தனை செட் என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வாரமாகப் பேசியிருப்பீர்கள். நாங்களும் பேசினோம். தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

பேச என்ன இருக்கிறது? எட்டுப் பெரியவர்கள், ஆறு குழந்தைகள். ஆளுக்கு ஒரு பிள்ளை என்றாலும் இரண்டு பேர் மிச்சம். அந்தத் தெம்பில் எல்லோரும் கரையில் நின்று பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தோம்.

நண்பனின் நாலு வயது மகனின் வாளியை அலை இழுத்துக்கொண்டு போனது. அவன் அதன் பின்னால் போனான். அடுத்த அலை காலை வாரிவிட்டது. என் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். குப்புற விழுந்தவனிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. நான் நாலடி தள்ளி நின்று, எடுத்த போட்டோ சரியாக வந்திருக்கிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொருவர் பாய்ந்து தூக்கினார். இருமினான், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக "என் வாளி" என்று அழுதான். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. அப்பா பார்க்கிறார் என்று அம்மா நினைத்திருக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று அப்பா. நானோ, பெற்றவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்களே என்று.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மூச்சுக்கே திணறும்போது கத்துவதற்குக் காற்று ஏது? உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஊர் திரும்பிய பிறகுதான் இதைப் படித்தேன்.

மறுநாள் காலை ஒரு விசிலைக் கயிற்றில் கோத்தோம். யார் கழுத்தில் விசிலோ அவர்தான் காவல். போன் கிடையாது, அரட்டை கிடையாது, கண் தண்ணீரை விட்டு நகரக்கூடாது. கால் மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் கவனம் சிதறலாம். கைமாற்றும்போது பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவர் "சரி, நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. மற்ற ஏழு பேரும் அன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்தோம். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இது போதாது. அவர்களோடு கை எட்டும் தூரத்தில் ஒருவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும்.

இன்னொன்று. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கரைக்கு வந்த தண்ணீர் மணல்திட்டுகளின் இடைவெளி வழியாகக் கடலுக்குள் திரும்பிப் பாயும் இழுவை நீரோட்டம் பல நேரங்களில் அப்படித்தான் இருக்கும். சுற்றிலும் நுரை, நடுவில் மட்டும் கருத்த, சாதுவான பாதை. சிக்கினால் நேரே கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையானால் போனதுமே அவரிடம் எங்கே இறங்கலாம் என்று கேட்டுவிடுங்கள். காற்றடைத்த வளையத்தை நம்பாதீர்கள், கரையிலிருந்து காற்று வீசினால் பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம், நீல நிற நீச்சலுடை பார்க்க அழகுதான். அது தண்ணீரோடு கலந்து கண்ணில் படாது என்பது பிள்ளையைத் தேடும்போதுதான் தெரியும். ஆரஞ்சு வாங்குங்கள்.

கிளம்பும் முன் அந்த நாலு வயதுக்காரன் தனக்கும் ஒரு முறை வேண்டும் என்று அடம்பிடித்தான். கொடுத்தோம். ஈர மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து எங்களையே முறைத்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை விசில் ஊதினான், மூன்றும் எனக்குத்தான்.

அன்புடன்,
போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாமா